வாங்கிய சில வாரங்களிலேயே எஞ்சின் போய்விட்டதா? தென்னாப்பிரிக்காவில் பழைய கார் வாங்கியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

என்3 நெடுஞ்சாலையில் டர்பனை விட்டு மேலே ஏறும்போதுதான் பல பழைய கார்களின் உண்மை நிலை தெரியவரும். கடல் மட்டத்தில் கிளம்பும் வண்டி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றத்தில் திணறத் தொடங்கும். அதற்கு அப்புறம் வான் ரீனன் கணவாய், முடிவில் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் ஜோகன்னஸ்பர்க். டர்பன் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கடைக்கும் கோயிலுக்கும் ஓடியவரை நன்றாக இருந்த எஞ்சின் இந்த ஏற்றத்தில் சூடேறி நின்றுவிடும். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. வங்கித் தவணையோ இன்னும் பல வருஷத்துக்கு இருக்கும்.

அந்த நேரத்தில் நம் ஆட்களில் பலர் செய்வது ஒன்றுதான். பதற்றத்தில் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, பிறகு விற்ற டீலரிடம் போய் நியாயம் கேட்பது. அதற்குள் விஷயம் பாதி கைவிட்டுப் போயிருக்கும். இந்த நாட்டுச் சட்டம் வாங்கியவருக்கு நல்ல பாதுகாப்பு தருகிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில்தான் காப்பாற்றப்படுகிறது, அல்லது தொலைந்துபோகிறது. தலைமுறையாக இங்கே இருப்பவர்களுக்கும், வேலைக்காக இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த மிட்ராண்ட் பக்கம் குடியேறி முதல் காரை வாங்கியவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் படி: நிறுத்துங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, வெப்பமுள் சிவப்புக்குப் போனாலோ, எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் கேட்டாலோ பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி உடனே அணைத்துவிடுங்கள். இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டக் கூடாது. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் எஞ்சினில் பேரிங்குகள் சில நிமிடங்களில் தேய்ந்து போகும். பத்தாயிரம் ராண்டில் முடிய வேண்டியது முழு எஞ்சின் மாற்றத்தில் போய் நிற்கலாம். அதோடு, எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினீர்கள் என்பதுதான் டீலர் எடுக்கப்போகும் முதல் வாதம்.

வெப்பமுள் மேலே போய்விட்டுத் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் தானாகக் கீழே வரும். நிலைமை அப்போதுதான் மிக மோசம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள், கை முகம் வெந்துவிடும்.

எஞ்சின் அணைந்ததும் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து, டாஷ்போர்டில் எரியும் விளக்குகளையும் கிலோமீட்டர் எண்ணையும் படம் எடுங்கள். வண்டிக்கு அடியில் ஏதாவது ஒழுகினால் அதையும் எடுங்கள். இடம், நேரம், அதற்கு முன் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதை ஃபோனிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

டோ டிரக் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. கூப்பிடாமலே ஒருவர் வந்து நிற்பது இங்கே சகஜம். கொக்கியை மாட்டவிடுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: இழுக்க எவ்வளவு, எங்கே கொண்டுபோவீர்கள், அங்கே ஒரு நாள் நிறுத்த எவ்வளவு. பதில் எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம். உங்கள் கார் இன்சூரன்ஸிலேயே சாலை உதவி இருக்கக்கூடும், முதலில் அந்த எண்ணுக்கு அழையுங்கள். வண்டியை வீட்டுக்கு இழுத்துச் செல்லச் சொல்வதே பெரும்பாலும் நல்லது. வாசலில் நிற்கும் வண்டிக்குத் தினவாடகை கிடையாது, உங்களுக்குத் தெரியாமல் யாரும் பிரிக்கவும் முடியாது.

இரண்டாம் படி: யாரிடம் வாங்கினீர்கள்?

இந்த ஒரு கேள்விக்கான பதிலை வைத்தே மற்ற எல்லாம் அமையும்.

கார் விற்பதையே தொழிலாகச் செய்யும் டீலரிடம் வாங்கியிருந்தால் 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். பெரிய ஷோரூமா, தெருமுனையில் பத்து வண்டி நிறுத்தியிருக்கும் ஆளா என்ற வித்தியாசம் இல்லை. சொந்தப் பயன்பாட்டுக் காரை விற்ற தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அந்தச் சட்டம் வராது, பழைய பொதுச் சட்டம்தான். ஏலத்தில் எடுத்த வண்டிக்கு இந்தச் சட்டத்தின் தரம் பற்றிய 55ஆம் பிரிவே பொருந்தாது. ஏலத்தில் விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பதிலைக் கண்டுபிடித்ததும் காகிதங்களைச் சேருங்கள். வாங்கும்போது கையெழுத்திட்ட ஆஃபர் டு பர்ச்சேஸ் எனும் ஒப்பந்தப் படிவம், இன்வாய்ஸ், வண்டி கைக்கு வந்த தேதி, சர்வீஸ் புக், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்றவரோடு பேசிய வாட்ஸாப் உரையாடல் முழுவதும். விளம்பரத்தை இன்றே படம் எடுத்து வையுங்கள், நாளைக்கு அது இருக்காது. 'எஞ்சின் கச்சிதம்', 'முழு சர்வீஸ் ரெக்கார்டு' என்று அதில் எழுதியிருந்தால் அது உங்கள் கையில் இருக்கும் வலுவான சாட்சி.

ஆஃபர் டு பர்ச்சேஸின் கடைசிப் பக்கங்களைப் பொறுமையாகப் படியுங்கள். வண்டியின் குறிப்பிட்ட ஒரு குறையை டீலர் வெளிப்படையாகச் சொல்லி, நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் குறைக்கு 55(6)ஆம் பிரிவின்படி அவர் தப்பித்துவிடலாம். பொதுவாக 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி எழுதி வைத்திருப்பது அப்படிப்பட்ட ஒப்புதல் ஆகாது.

மூன்றாம் படி: டீலரிடம் எழுத்தில் சொல்லுங்கள், அன்றைக்கே

சட்டத்தின் 56ஆம் பிரிவு மிக எளிமையானது. பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது தரத்தில் தவறினால் திருப்பிக் கொடுக்கலாம். அபராதம் இல்லை, செலவும் பொறுப்பும் விற்றவருடையது. பழுது பார்ப்பதா, வேறு வண்டி தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் டீலர் கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். 'நாங்கள் ரிப்பேர் பண்ணித் தருகிறோம், அதுதான் எங்கள் பாலிசி' என்பார்கள். கடையின் பாலிசி சட்டத்துக்கு மேலே போக முடியாது.

எந்தக் குறையும் இதற்குள் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அளவை விட வண்டியைப் பெரிதும் தாழ்த்தும் குறையாக இருக்க வேண்டும். வண்டியின் வயது, ஓடிய தூரம், கொடுத்த விலை எல்லாம் கணக்கில் வரும். இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பதினைந்து வருஷக் காரில் கிளட்ச் தேய்ந்தது என்றால் வாதாடுவது கஷ்டம். இரண்டு மாதத்தில் எஞ்சினே போனது என்றால் அது வேறு கதை.

ஃபோனில் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள். மின்னஞ்சல் அனுப்புங்கள், அதே செய்தியை வாட்ஸாப்பிலும் போடுங்கள். ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

'இன்ன தேதியில் இன்ன பதிவு எண் கொண்ட வாகனத்தை உங்களிடம் இவ்வளவு ராண்டுக்கு வாங்கினேன். இன்ன தேதியில், இத்தனை கிலோமீட்டரில், எஞ்சின் செயலிழந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டேன், அதன் பின் ஓட்டவில்லை. வாகனம் இப்போது இன்ன இடத்தில், பிரிக்கப்படாமல் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55, 56ஆம் பிரிவுகளின்படி இதைத் திருப்பித் தருகிறேன். எனக்கு வேண்டியது இன்ன தீர்வு. உங்கள் செலவில் வாகனத்தை எடுத்துச் சென்று சோதித்து, இன்ன தேதிக்குள் எழுத்தில் பதில் தரவும்.'

கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். பின்னால் இதைப் படிக்கப்போகிறவர் மூன்றாம் மனிதர்.

நான்காம் படி: நோய் எப்போது வந்தது என்று நிரூபியுங்கள்

பிரச்சினையின் மையம் இதுதான், இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். 'வண்டி கொடுக்கும்போது நன்றாக இருந்தது, நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்' என்பார் டீலர். எஞ்சின் நோய்கள் பல தங்கள் வயதைத் தாங்களே காட்டிக்கொடுக்கும்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாக, தார் மாதிரிக் கட்டியான ஸ்லட்ஜ் படிந்திருந்தால் அது வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாமல் ஓட்டியதால் வருவது. இரண்டு மாதத்தில் உங்களால் அதை உண்டாக்க முடியாது. படம் எடுங்கள். மூடியின் அடியில் வெளுத்த கிரீம் மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம் வரும். ஆனால் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரப்பதத்தாலும் கொஞ்சம் அப்படி வரும், டர்பன் காற்றில் இன்னும் சுலபமாக வரும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கூலன்ட் இன்னொரு சாட்சி. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள். பழுப்பு நிறத்தில் துகள் துகளாகவோ பசை மாதிரியோ ஏதாவது மிதந்தால், ஒழுகலை அடைப்பதற்காக யாரோ ஸ்டாப் லீக் ஊற்றியிருக்கக்கூடும். ஊற்றியது நீங்கள் இல்லையென்றால் அது விற்பதற்கு முன்பே ஒழுகலும் இருந்தது, அது தெரிந்தும் இருந்தது என்பதற்கு அடையாளம். கூலன்டிலும் ஆயிலிலும் கொஞ்சம் சுத்தமான பாட்டிலில் எடுத்து, தேதி எழுதி வையுங்கள். யாராவது வடித்துக் கொட்டிவிட்டால் அந்தச் சாட்சி திரும்ப வராது.

அடுத்து, சுயேச்சையான ஒரு வொர்க்ஷாப்பில் பிரிக்காமலே செய்யக்கூடிய சோதனைகளைச் செய்யச் சொல்லி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஸ்கேன் கருவி காட்டும் பழுதுக் குறியீடுகளை அழிக்காமல் அச்செடுக்கச் சொல்லுங்கள், பல வண்டிகளில் பழுது வந்த கணத்து வெப்பமும் வேகமும்கூட அதில் இருக்கும். கம்ப்ரெஷன் டெஸ்ட் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும். கூலன்டில் புகைவாயு கலந்திருக்கிறதா என்று நீல நிறத் திரவம் வைத்துப் பார்ப்பார்கள், அது மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. ஆனால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எதற்காகவும் எஞ்சினைச் சுற்றவிடாதீர்கள். முதலில் பெல்ட்டின் கவரைத் திறந்து பார்க்கட்டும். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்ததும் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும், மறுபடி சுற்றினால் சேதம் கூடும்.

ஜோகன்னஸ்பர்க்கில் கம்ப்ரெஷன் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் நல்ல எஞ்சினும் மேனுவலில் போட்டிருக்கும் எண்ணை எட்டாது. சிலிண்டர்களுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அங்கேதான் கோளாறு.

சோதனைக்கு எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, முன்கூட்டியே விலை சொல்லி உங்கள் ஒப்புதல் வாங்காமல் சோதனைக்கோ பிரிப்பதற்கோ அவர்கள் பணம் கேட்க முடியாது.

பிரிக்க வேண்டிய கட்டாயம் வந்தால், டீலருக்கு எழுத்தில் தேதி சொல்லி, அவருடைய ஆளையும் வரச் சொல்லி, அதற்குப் பிறகே பிரியுங்கள். 56ஆம் பிரிவின் உத்தரவாதம், டீலர் கையை விட்டு வந்த பிறகு மாற்றம் செய்யப்பட்ட பொருளுக்கு அந்த அளவுக்குப் பொருந்தாது. நீங்களாகப் பிரித்துவிட்டால் 'மாற்றிவிட்டார்கள்' என்று சொல்ல அவருக்கு வழி கிடைக்கிறது. கழற்றிய பாகங்களைத் திரும்பக் கேட்பதும் உங்கள் உரிமை, அது 67ஆம் பிரிவு. வளைந்த வால்வு, தேய்ந்த பேரிங் எதையும் குப்பையில் போடவிடாதீர்கள்.

டீலர் சொல்லும் பதில்கள்

'ஃபூட்ஸ்டூட்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே.' இருப்பது இருக்கிறபடி என்று பொருள்படும் அந்தப் பழைய டச்சு வழி நிபந்தனையை வைத்து, ஒரு டீலர் சட்டம் தந்த உரிமையைப் பறிக்க முடியாது. உரிமையை விட்டுக்கொடுக்க வைக்கும் ஒப்பந்த வரிகளை 51ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது.

'ரோட்வர்த்தி வாங்கித்தானே கொடுத்தோம்.' வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வர்த்தி சோதனை பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு போன்ற பாதுகாப்பு விஷயங்களைப் பார்ப்பது. பேரிங்கும் கேஸ்கெட்டும் எப்படி இருக்கின்றன என்று அதில் யாரும் பார்ப்பதில்லை.

'உங்களுக்கு வாரன்ட்டி போட்டுக் கொடுத்திருக்கிறோம், அவர்களிடம் கேளுங்கள்.' வாங்கும்போது கூடவே விற்கும் அந்த வாரன்ட்டி பாலிசிகள் ஒரு பாகத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கும். முழு எஞ்சினுக்கு அது பற்றாது. சட்டத்தின் உத்தரவாதம் அதற்கு மேலதிகமானது, ஒன்று இருப்பதால் மற்றது போகாது. டீலர் மேல் உள்ள கோரிக்கையைக் கைவிடுவதாக எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: ரிப்பேருக்கு ஒத்துக்கொண்டால்

சில நேரம் ரிப்பேரே நல்ல முடிவு. வண்டி மற்றபடி பிடித்திருக்கிறது, வேறு நல்ல வண்டி அந்த விலைக்குக் கிடைக்காது என்றால் சரி. ஆனால் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஹெட்டைச் சீவிச் சமமாக்கி (ஸ்கிம் செய்து) கேஸ்கெட் போடுகிறார்களா, எஞ்சினை முழுமையாக ஓவர்ஹால் செய்கிறார்களா, இல்லை வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய எஞ்சினை மாட்டுகிறார்களா? மூன்றும் ஒன்றல்ல. பழைய எஞ்சின் என்றால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது வேண்டும். எஞ்சின் எண் மாறினால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி லைசென்ஸிங் அலுவலகத்தில் பதிவை மாற்ற வேண்டும், அந்த வேலையையும் டீலரே முடித்துத் தர வேண்டும் என்று கேளுங்கள். விட்டுவிட்டால், நீங்கள் விற்கப்போகும் நாளில் அது உங்கள் தலையில் விழும்.

ரிப்பேர் செய்த மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினாலோ, சரியாகாமல் இருந்தாலோ, புதிதாக வேறொன்று வந்தாலோ, டீலர் வண்டியை மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வண்டி திரும்பக் கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

வங்கிக் கடன் இருக்கிறதா?

தவணையை நிறுத்தாதீர்கள். ஓடாத வண்டிக்கு ஏன் கட்ட வேண்டும் என்ற ஆத்திரம் நியாயமானது. ஆனால் நிறுத்தினால் உங்கள் கிரெடிட் ரெக்கார்டு கெடும், வங்கி வண்டியைக் கைப்பற்றும் வழியில் போகும், டீலரோடு இருக்கும் வழக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். பதிவில் டைட்டில் ஹோல்டர், அதாவது உரிமை வைத்திருப்பவர், வங்கி. ஆகவே விற்பனையை ரத்து செய்வதென்றால் வங்கியும் சேர வேண்டும். டீலருக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் வங்கிக்கு அனுப்புங்கள். பணம் திரும்ப வரும்போது டீலர் முதலில் வங்கிக் கணக்கை முடித்து, நீங்கள் கட்டிய டெபாசிட்டையும் சேர்த்துத் தருகிறாரா என்று பாருங்கள்.

இன்சூரன்ஸ் பெரும்பாலும் இதற்கு உதவாது, இயந்திரக் கோளாறு சாதாரண பாலிசியில் வராது. வெள்ளத்தில் ஓட்டி எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஆறாம் படி: டீலர் அசையவில்லை என்றால்

முதலில் மியோசா எனப்படும் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில்துறை ஆம்பட்ஸ்மன், அதாவது புகார்களை விசாரிக்கும் நடுவர். நுகர்வோரிடம் கட்டணம் கிடையாது. டீலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். பெரும்பாலும் காகிதங்களை வைத்தே முடிவு செய்வார்கள், அதனால் நீங்கள் சேர்த்த படங்களும் அறிக்கையும் இங்கே பேசும். தேதி வரிசையில் ஒரே கோப்பாக அடுக்கி அனுப்புங்கள். அங்கே தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் ஆணையம், அதற்கு மேல் தேசிய நுகர்வோர் தீர்ப்பாயம். மாதங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

தொகை 20,000 ராண்டுக்குள் என்றால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கிறது. வக்கீல் கிடையாது, நீங்களே பேச வேண்டும். எஞ்சின் விஷயத்தில் அந்தத் தொகை பற்றாது என்பது உண்மைதான். ஆனால் டோ செலவு, சோதனைச் செலவு, அல்லது சின்ன வண்டியின் ரிப்பேர் என்றால் போதும். அதற்கு மேல் போனால் மாஜிஸ்திரேட் கோர்ட், அங்கே பெரும்பாலும் வக்கீல் தேவைப்படும். வக்கீல் செலவையும் வண்டியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தனி ஆளிடம் வாங்கியவர்களுக்கு

இங்கே ஃபூட்ஸ்டூட்ஸ் செல்லும். வெளியே தெரியாத குறைக்குக்கூட விற்றவர் பொறுப்பில்லை என்று அது காப்பாற்றும். ஆனால் குறை தெரிந்தே, ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்தவரை அது காப்பாற்றாது. தெரிந்திருந்தது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ஸ்டாப் லீக் தடயம், முன்பு பார்த்த மெக்கானிக்கின் ரசீது, 'எந்தப் பிரச்சினையும் இல்லை' என்று வாட்ஸாப்பில் எழுதிய வரி ஆகியவைதான் அதற்கு உதவும். சர்வீஸ் புக்கில் முத்திரை குத்திய வொர்க்ஷாப்புக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். 'ஹெட் கேஸ்கெட் போகிறது என்று போன வருஷமே சொன்னோமே' என்று அவர்கள் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். நிரூபிக்க முடிந்தால் விற்பனையை ரத்து செய்யவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். கடன் உரிமைகள் பொதுவாக மூன்று வருஷத்தில் காலாவதியாகும், தள்ளிப் போடாதீர்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

பணம் கணக்கில் வந்து, வங்கிக் கடன் முடிந்ததாக எழுத்து வந்த பிறகே சாவியையும் மூலக் காகிதங்களையும் கொடுங்கள். திரும்பப் பெற்றுக்கொண்டதாக, தேதியும் கிலோமீட்டரும் போட்டு டீலர் கையெழுத்திட வேண்டும். பிறகு லைசென்ஸிங் அலுவலகத்துக்குப் போய் உரிமையாளர் மாற்ற அறிவிப்புப் படிவத்தை நீங்களே கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்குங்கள். டீலர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். பெயர் மாறாத வரை அந்த வண்டிக்கு வரும் டிராஃபிக் அபராதமும் லைசென்ஸ் பாக்கியும் உங்கள் பெயரில்தான் வரும். இன்சூரன்ஸை ரத்து செய்வது அந்த முத்திரை கைக்கு வந்த பிறகு.